துணியில் தைத்த வீடுகள்: டேட் மாடர்னில் டோ ஹோ சூவின் கண்காட்சி

லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் 2025 மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை நடைபெற்ற 'வாக் தி ஹவுஸ்' என்ற கண்காட்சி, தென் கொரியாவில் பிறந்து இப்போது லண்டனில் வாழும் டோ ஹோ சூ என்ற கலைஞரின் முப்பதாண்டுக்கால உழைப்பைத் திரட்டிக் காட்டியது. தாம் குடியிருந்த வீடுகளைக் கதவு, சன்னல், படிக்கட்டு, சுவிட்ச் என எதையும் விட்டுவிடாமல், முழு அளவில், ஒளி ஊடுருவும் வண்ணத் துணியில் தைத்து நிறுத்துபவர் என்றே கலை உலகம் இவரை அறிந்திருக்கிறது. கண்காட்சியையொட்டிச் சமூக ஊடகங்களில் சுற்றிய படங்களிலும் அந்த வண்ணங்களே நிறைந்திருந்தன. நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகு, வண்ணத்தைவிட அளவெடுப்புதான் இந்தக் கலைஞரின் உண்மையான பலம் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கண்ணோடு பார்த்தவர்களுக்குக் கட்டணம் கொடுத்தது வீண்போகவில்லை. படம் எடுக்கவே வந்தவர்களுக்கு இருபது நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும்.

சூ 1962-ல் சியோலில் பிறந்தவர். தந்தை சூ சே ஓக், கொரிய மை ஓவியத்தில் பெரும் பெயர் பெற்றவர். சியோல் நகரம் முழுவதும் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்த 1970-களில், அந்தத் தந்தை ஊரோடு ஒத்துப்போகாமல் தம் குடும்பத்துக்காக மரபான ஹனோக் வீடு ஒன்றைக் கட்டினார். சாங்தொக்குங் அரண்மனை வளாகத்தில் 1828-ல் ஓர் அறிஞரின் இல்லம் போல எழுப்பப்பட்ட கட்டடமே அதற்கு முன்மாதிரி. ஆக, மகன் பின்னாளில் பிரதியெடுத்த வீடே ஏற்கெனவே ஒரு பிரதிதான். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தால், பாரம்பரியம் என்ற சொல்லை இவர் ஏன் ஒருபோதும் கனத்த குரலில் உச்சரிப்பதில்லை என்பது விளங்கும்.

சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கிழக்காசிய ஓவியம் படித்து முடித்தபின் 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்ற சூ, ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியிலும் அதன்பின் யேல் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். நியூயார்க்கில் தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே இருந்த அறையொன்றில் இரைச்சலால் உறக்கம் வராமல் தவித்த நாள்களில், கடைசியாக எங்கே நன்றாக உறங்கினோம் என்று எண்ணிப் பார்த்தபோது சியோல் வீடு நினைவுக்கு வந்ததாகவும், அந்த வீட்டையே பெட்டியில் மடித்து எடுத்துவர முடியுமா என்ற எண்ணம் அங்கேதான் பிறந்ததாகவும் அவர் பலமுறை கூறியிருக்கிறார். 1999-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கொரியப் பண்பாட்டு மையத்தில் அந்த எண்ணம் இளம் பச்சைப் பட்டில் கூரையிலிருந்து தொங்கும் ஒரு வீடாக உருவெடுத்தது. அது எந்தெந்த ஊரில் காட்டப்படுகிறதோ அந்தந்த ஊரின் பெயரும் அதன் தலைப்பில் சேர்ந்துகொண்டே வந்தது.

இந்த வீடுகள் எப்படித் தைக்கப்படுகின்றன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கண்காட்சியின் மதிப்பு அதில்தான் இருக்கிறது. முதலில் வீட்டின் ஒவ்வொரு பரப்பும் அளக்கப்படுகிறது. சுவரின் நீள அகலத்தோடு அளவு நின்றுவிடுவதில்லை. கதவுக் கீலின் தடிமன், சன்னல் சட்டத்தின் ஓரச் சரிவு, வெப்பமூட்டிக் குழாயின் வளைவு ஆகியனவும் அளவுக்கு உட்படுகின்றன. பின்னர் அந்த அளவுகள் தையல் வெட்டுகளாக மாற்றப்பட்டு, மெல்லிய துணியில் கத்தரிக்கப்படுகின்றன. தொடக்க காலத்தில் பட்டும் நைலானும் பயன்பட்டன. அண்மைக்காலப் படைப்புகள் பெரும்பாலும் பாலியஸ்டர். ஒளி ஊடுருவும் துணியில் பிசிறு உள்பக்கம் இருந்தாலும் வெளியே தெரிந்துவிடும் என்பதால், கொரிய மரபுடையான ஹன்பொக்கின் கோடைக்கால ஆடைகளைத் தைக்கும் முறையை இவர் கையாள்கிறார். வெட்டிய ஓரத்தை மடித்து ஒரு தையல், அதை மீண்டும் தனக்குள்ளேயே சுருட்டி மடித்து இன்னொரு தையல் என்று போட்டு, பிசிறு முழுவதையும் ஒரு மெல்லிய கோட்டுக்குள் அடைத்துவிடும் முறை அது. சுவரும் சுவரும் சேரும் மூலைகளில் நூல்கோடு போல ஓடுவது இந்தத் தையல்தான். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது கட்டடக் கலைஞர் வரைந்த வரைபடக் கோடாகத் தெரிகிறது. ஹன்பொக் தைக்கும் தேர்ந்த கைகளைக் கண்டுபிடித்துத் தந்ததில் அவருடைய தாயாருக்குப் பங்கு உண்டு. தந்தையின் மையும் தாயாருக்குத் தெரிந்த ஊசியும் சேர்ந்த இடத்தில் இந்தக் கலை நிற்கிறது எனலாம். தைத்தவர்களைப் பற்றி இன்னும் விரிவாகத் தெரிந்துகொள்ள விரும்பினேன். அவர்களுடைய பணியிடத்தைக் காட்டும் ஒரு சிறு காணொளி இருந்திருந்தால் இந்தக் கண்காட்சிக்கு அது பெரும் துணையாக இருந்திருக்கும்.

கூடத்தில் பெரும்பாலானோர் முதலில் நாடிச் சென்றது 2024-ல் உருவான 'நெஸ்ட்/எஸ்' என்ற படைப்பை. சியோல், நியூயார்க், லண்டன், பெர்லின் ஆகிய நகரங்களில் அவர் வாழ்ந்த கட்டடங்களின் நடைகளும் முன்னறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டு, ஏறத்தாழ 21 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கப் பாதையாக நிற்கின்றன. ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறம். உள்ளே நடக்கும்போது நாம் நிற்கும் அறையின் நிறத்தோடு, அடுத்த அறையின் நிறமும் அதற்கடுத்ததும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கண்முன் பெயரிட முடியாத புதிய நிறங்கள் தோன்றுகின்றன. நமக்கு முன்னே செல்பவர் கடைசி அறையை அடையும்போது வெறும் நிழலுருவாகிவிடுகிறார். இதில் மயங்காமல் இருப்பது கடினம். ஆனால் இந்த அறைகளின் வரிசையில் ஒரு சிக்கல் இருக்கிறது: பெர்லின் நடை எங்கே முடிந்து லண்டன் நடை எங்கே தொடங்குகிறது என்பதை நிறத்தால் மட்டுமே உணர முடிகிறது. நான்கு ஊர்களின் தனித்தன்மையும் இனிமையான ஒரே மங்கலில் கரைந்துவிடுகிறது. அதுவே நோக்கம் என்று கலைஞரின் பக்கம் நின்று வாதிடலாம். நினைவு அப்படித்தான் இயங்குகிறது என்றும் சொல்லலாம். எனக்கு அந்த வாதம் முழு நிறைவைத் தரவில்லை.

அதே ஆண்டில் செய்யப்பட்ட 'பர்ஃபெக்ட் ஹோம்' என்ற படைப்பு இந்தக் குறையை ஈடுகட்டுகிறது. லண்டன், ஹார்ஷம், நியூயார்க், பெர்லின், பிராவிடன்ஸ், சியோல் என்று ஆறு ஊர்களின் பெயர்களைத் தலைப்பில் தாங்கிய இதன் புறச்சுவர்கள், கலைஞர் இப்போது வாழும் லண்டன் வீட்டின் உருவரை. அந்தச் சுவர்கள் நிறமற்று, இருப்பதே தெரியாத அளவுக்கு மெல்லியனவாக நிற்க, அவற்றின்மீது மற்ற வீடுகளின் சுவிட்சுகளும் பிளக் பாயின்ட்டுகளும் கதவுக் குமிழ்களும் தாழ்ப்பாள்களும் அந்தந்த வீட்டில் எந்த உயரத்தில் இருந்தனவோ அதே உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு வீட்டின் பொருள்களுக்கும் தனி நிறம் தரப்பட்டிருப்பதால், ஒரே சுவரில் நாடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது தெரிகிறது. ஊர் மாறிக் குடியேறியவர் எவருக்கும் இது உடனே புரியும். புதிய வீட்டின் இருட்டில் சுவிட்சைத் தேடும் கை, பழைய வீட்டில் அது இருந்த இடத்தைத்தான் முதலில் தடவுகிறது.

இங்கே ஒரே ஒரு சுவிட்சின் அருகில் நின்று நெடுநேரம் பார்த்தேன். உள்ளங்கை அளவுகூட இல்லாத துணித் துண்டு. பலகையின் நான்கு விளிம்புகளும் தனித்தனியாக மடித்துத் தைக்கப்பட்டு, சுவரிலிருந்து சிறிதளவு புடைத்து நிற்கின்றன. மேலும் கீழும் உள்ள திருகாணிகளின் தலை நூலால் வட்டமிடப்பட்டு, அதன் குறுக்கே திருப்புளி பொருந்தும் பள்ளமும் ஒரு தையலாக இடப்பட்டிருக்கிறது. அழுத்தும் பகுதி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்றுகூட ஊகிக்கலாம் போலிருந்தது. அழுத்த நினைத்தால் விரல் துணிக்குள் புதைந்துவிடும் என்று அறிவு சொல்கிறது. ஆனாலும் கை எழத்தான் செய்கிறது. பயன்பாட்டை முற்றிலும் இழந்துவிட்ட ஒரு பொருள் இவ்வளவு அக்கறையோடு அளந்து தைக்கப்பட்டிருப்பதைக் காணும்போது, வீட்டைப் பற்றி எழுதப்படும் உருக்கமான வாசகங்கள் எல்லாம் தேவையற்றவையாகத் தோன்றின. கண்காட்சியில் நான் கண்ட மிகச் சிறந்த இடம் இது என்று சொல்லியிருப்பேன், பக்கத்தில் அந்தக் காகித வீடு இல்லாமல் இருந்திருந்தால்.

துணியின் புகழில் மறைந்துபோயிருக்கும் இவருடைய இன்னொரு முறை, தேய்த்துப் படியெடுப்பது. நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அதன் உருவத்தை எடுத்து விளையாடாத பள்ளிப் பிள்ளை இருக்க முடியாது. சூ அதை ஒரு வீட்டுக்கே செய்கிறார். 2013-ல் தொடங்கி 2022-ல் நிறைவுற்ற 'ரப்பிங்/லவிங்: சியோல் ஹோம்' என்ற படைப்புக்காக, தந்தை கட்டிய ஹனோக்கின் வெளிப்பரப்பு முழுவதையும் மல்பெரி மரப்பட்டைக் காகிதத்தால் போர்த்தி, கிராஃபைட்டால் அங்குலம் அங்குலமாகத் தேய்த்துப் படியெடுத்தார்கள். வீட்டின் மேலேயே வெயிலையும் மழையையும் பல மாதங்கள் தாங்கிய பின்னரே அந்தக் காகிதம் உரிக்கப்பட்டது. இப்போது அலுமினியச் சட்டகத்தின்மேல் முழு வீடாக நிற்கும் அதைச் சுற்றி வந்தால், தூணின் மரரேகையும் கதவுக் கம்பிகளின் குறுக்கு நெடுக்கும் கல்லின் சொரசொரப்பும் கரிய நிழலாகப் பதிந்திருப்பதைக் காணலாம். காகிதத்தில் ஏறிய பழுப்பும் கறையும் யாரும் தீட்டியவையல்ல. சியோலின் மழை தீட்டியவை. துணி வீடுகள் ஒரு வீட்டின் அளவை மட்டும் எடுத்து வருகின்றன; இந்தக் காகிதம் வீட்டின் மேனியைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறது. வண்ணமே இல்லாத இந்தப் படைப்பின் முன்னால் கூட்டம் குறைவாக இருந்தது எனக்கு வசதியாகவே போயிற்று.

கண்காட்சியின் தலைப்பும் இந்த வீட்டோடு சேர்ந்ததே. ஹனோக்கின் மரச்சட்டகம் ஆணியடிக்காமல் ஒன்றோடொன்று கோத்து நிறுத்தப்படுவதால், அதைப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் எழுப்ப முடியும். அப்படி இடம் மாற்றுவதை வீட்டை நடத்திச் செல்வதாகத் தச்சர்கள் பேசிக்கொள்வது சூ சிறுவயதில் கேட்டது.

இதே முறையில் 2012-ல், தென் கொரியாவின் குவாங்ஜூ நகரில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய கலை விழாவான பினாலேவுக்காகச் செய்யப்பட்ட ஒரு சிற்றறையும் இங்கே இருந்தது. குவாங்ஜூ திரையரங்கின் ஊழியர்கள் தங்கியிருந்த, பின்னர் ஆளில்லாமல் கிடந்த குடியிருப்பின் அறை அது. 1980 மே மாதத்தில் அந்நகரில் சனநாயகம் கேட்டு எழுந்த மக்களை இராணுவம் சுட்டுக் கொன்றதையும், அச்செய்தி நாட்டின் மற்ற பகுதிகளுக்குத் தெரியாமல் தணிக்கை செய்யப்பட்டதையும் கொரியர்கள் மறக்கவில்லை. சூவும் அவருடைய உதவியாளர்களும் தங்கள் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு, கையின் தொடுகையை மட்டுமே நம்பி அந்த அறையைத் தேய்த்துப் படியெடுத்தார்கள். காணவிடாமல் செய்யப்பட்ட ஒன்றைக் காணாமலேயே பதிவு செய்வது என்ற இந்த முடிவு, விளக்கக் குறிப்பைப் படித்த பிறகுதான் முழுமையாக உறைக்கிறது என்பது ஒரு குறைதான். படித்தபின் அங்கிருந்து நகர்வது எளிதாக இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 'ஹூ ஆம் வி?' என்ற 2000-ஆம் ஆண்டுப் படைப்பு, தூரத்தில் சாதாரணச் சுவர்த்தாளாகத் தெரிந்து, அருகில் சென்றால் பள்ளி ஆண்டு மலர்களிலிருந்து எடுத்த ஆயிரக்கணக்கான பொட்டளவு முகங்களாக விரியும் ஒரு நல்ல வித்தை. சியோல், நியூயார்க், லண்டன் மூன்றுக்கும் சமதூரத்தில் வீடு கட்டினால் அது ஆர்க்டிக் கடலில் போய் விழுகிறது என்பதை மெய்யாகவே ஆராயும் பாலத் திட்டம், சிரிப்பும் அறிவியலும் கலந்தது. அதற்கு ஒதுக்கிய இடம் போதவில்லை. சிங்கப்பூரின் எஸ்டிபிஐ அச்சுப் பட்டறையில் இவர் உருவாக்கிய நூல் ஓவிய முறையும் கவனத்துக்குரியது. ஜெலட்டின் தாளில் வண்ண நூலால் தைத்து, அதை ஈரமான கைவினைக் காகிதத்தின்மேல் படியவைத்துக் கரைத்துவிட, தாள் மறைந்து நூல் மட்டும் காகிதத்துக்குள் தங்கிவிடும். தையல் எந்திரத்தின் கட்டுப்பாடு தளர்ந்து நூல் தன் போக்கில் சுருண்டு நிற்கும் அந்த ஓவியங்களில், அளவெடுப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் சற்று மூச்சு விட்டுக்கொள்வது போலத் தெரிகிறது.

என்னுடைய முதன்மையான மனக்குறை திரைப்படங்களைப் பார்த்தபோது எழுந்தது. கிழக்கு லண்டனில் அலிசன், பீட்டர் ஸ்மித்சன் இணையர் வடிவமைத்து 1972-ல் நிறைவுற்ற 'ராபின் ஹூட் கார்டன்ஸ்' குடியிருப்பு இடிக்கப்படவிருந்த நிலையில், அதன் வீடுகளுக்குள் கேமரா ஒரே சீரான வேகத்தில் ஊடுருவிச் செல்வதை 2018-ல் எடுத்த படம் காட்டுகிறது. தென் கொரியாவின் தேகு நகரில் இடிக்கப்பட்ட அடுக்குமாடி ஒன்றைப் பற்றியது 2022-ல் எடுத்த படம். ஒரு வீட்டில் நெருக்கமாக அடுக்கிய தட்டுமுட்டுச் சாமான்கள், அடுத்த வீட்டில் வெறும் தரை என்று மாறிமாறி வரும் அந்தக் காட்சிகளில் நாம் காண்பது, போகச் சொன்னதால் போனவர்களின் வீடுகள். சூவின் துணி வீடுகளோ, படிப்புக்கும் தொழிலுக்கும் தாமே விரும்பி ஊர் மாறிய ஒருவருடைய வீடுகள். இந்த இரண்டு இழப்புகளும் ஒன்றல்ல. ஒரே கூரையின்கீழ் இவற்றை அடுத்தடுத்து வைத்த கண்காட்சி, அந்த வேறுபாட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. எல்லா வீடும் நினைவு, எல்லா நினைவும் அழகு என்ற மென்மையான பொதுமையில் அது நின்றுவிட்டது. ஹியூண்டாய் குழுமத்தின் சொகுசுக் கார் நிறுவனமான ஜெனிசிஸின் பெயரைத் தாங்கிய கண்காட்சியில் வாடகையைப் பற்றிய பேச்சை எதிர்பார்த்தது என் பேராசையாகவும் இருக்கலாம்.

துணி வீடுகளில் மனிதர்கள் வாழ்ந்த தடம் இல்லை என்பது இதோடு தொடர்புடைய இன்னொரு குறை. சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, நாற்காலி உரசிய கீறல் இல்லை, ஆணி பிடுங்கிய ஓட்டை இல்லை. அளவு தவறாத இந்த வீடுகள் குடிபுகுவதற்கு முந்தைய நாளின் தூய்மையோடு நிற்கின்றன. காகித வீடு மனத்தில் தங்குவதற்கும் துணி வீடு கண்ணோடு நின்றுவிடுவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

செலவும் வசதியும் பற்றி ஒரு சொல். டேட் மாடர்னின் நிரந்தரத் தொகுப்பைக் காணக் கட்டணமில்லை. இத்தகைய சிறப்புக் கண்காட்சிகளுக்குச் சீட்டு வாங்க வேண்டும். 16 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் டேட் கலெக்டிவ் திட்டத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டால் 5 பவுண்டுக்கு நுழையலாம் என்பதைப் படிக்க வந்திருக்கும் நம் பிள்ளைகள் பலர் அறிந்திருப்பதில்லை. துணிக்குள் நடக்க வேண்டிய இத்தகைய காட்சிகளுக்கு வார நாளின் காலை வேளையே ஏற்றது. முதுகுப் பையைப் பொருள் காப்பறையில் விட்டுவிடுவது துணிக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

கண்காட்சி முடிந்துவிட்டாலும் சூவின் படைப்புகளைக் காணும் வாய்ப்பு முடிந்துவிடவில்லை. நியூயார்க் வீட்டின் மாடிப்படியைச் சிவப்புத் துணியில் தைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்ட 'ஸ்டேர்கேஸ் 3' டேட்டின் சொந்தத் தொகுப்பிலேயே உள்ளது. எப்போதும் காட்சியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதே நியூயார்க் வீட்டின் துணிப் பதிப்பொன்று லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. கலிஃபோர்னியாவுக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, சான் டியாகோவில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக வளாகத்தில் 2012 முதல் இருக்கும் 'ஃபாலன் ஸ்டார்'. பிராவிடன்ஸ் நகரத்து வீடுகளின் சாயலில் கட்டிய ஒரு சிறு வீடு, பொறியியல் கட்டடம் ஒன்றின் ஏழாம் மாடி விளிம்பில், வானத்திலிருந்து விழுந்து செருகிக்கொண்டது போலச் சாய்ந்து நிற்கிறது. அது துணியல்ல, உள்ளே நாற்காலிகளும் குடும்பப் படங்களும் இருக்கின்றன, வாசலில் தோட்டமும் உண்டு. வீட்டின் சாய்வும் தரையின் சாய்வும் ஒத்துப்போகாததால் உள்ளே நுழைந்தவருக்குத் தலை சுற்றும். பார்வையாளர்களை எப்போதும் அனுமதிப்பதில்லை என்பதால், திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.